கையில் உணரும் காற்று

பட்டம் விடும் சிறுவனைக் கவனித்திருப்பீர்கள். அவன் கருத்தெல்லாம் வானத்தில் இருப்பதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது நூலைப் பிடித்த விரல்களில் இருக்கிறது. மேலே காற்று வலுத்தால் நூல் விண்ணென்று இறுகும், தணிந்தால் தொய்யும். பட்டம் சிறு புள்ளியாகிக் கண்ணுக்கு எட்டாமற் போன பின்னும் அதன் நிலையை விரல்கள் சொல்லிவிடும். ஆகாய விமானத்தைச் செலுத்துபவனுக்கும் கை அவ்வாறே மற்றொரு கண். அந்தக் கண்ணை மனிதன் பெற்றதும், பிறகு இழந்ததும், இழந்ததைச் செயற்கையாக மீண்டும் படைத்துக்கொண்டதும் ஒரு வரலாறு. அவ்வரலாற்றின் கிளை ஒன்று வீட்டு மேசை வரை வந்திருக்கிறது. கணிப்பொறியில் விமானம் ஓட்டிப் பழகுவோர் கையாளும் 'ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஜாய்ஸ்டிக்' என்னும் கோலையே குறிப்பிடுகிறேன். நாம் தள்ளினால் நம்மைத் திருப்பித் தள்ளும் கோல் ஆதலின், இதனை எதிர்விசைக் கோல் என்று அழைப்போம்.

1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள், அமெரிக்காவில் கிட்டி ஹாக் அருகே ரைட் சகோதரர்கள் பறந்தபோது இன்றுள்ளது போன்ற கோல் இல்லை. விமானி குப்புறப் படுத்திருந்தான். இடுப்பை இடமும் வலமும் அசைத்து இறக்கைகளை முறுக்கினான். கையிலிருந்த ஒரு நெம்புகோலால் முன்புறத் தகட்டை ஏற்றி இறக்கினான். இவ்விரண்டு வேலைகளையும் ஒரே கோலில் அடக்கிய பெருமை பிரெஞ்சு நாட்டு ராபர்ட் எஸ்னோ-பெல்த்தெரிக்கு உரியது என்பர். 1907-இல் அவர் செய்த விமானத்தில் அத்தகைய கோல் இருந்தது. 1909-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது, அவர் முழங்கால்களுக்கு நடுவே நின்றதும் ஒரு கோல்தான்.

அந்தக் கோலிலிருந்து கம்பிகள் சென்று வாலிலும் இறக்கையிலும் உள்ள அசையும் உறுப்புகளை இழுத்தன. நடுவில் வேறு பொறி இல்லை. ஆகவே வெளியே ஓடும் காற்று தகட்டை அழுத்தினால், அந்த அழுத்தம் கம்பி வழியே வந்து விமானியின் உள்ளங்கையில் இறங்கியது. இதன் கணக்கு எளியது. வேகம் இரு மடங்கானால், அதே அளவு தகட்டைத் திருப்ப நான்கு மடங்கு விசை வேண்டும். வேகம் மும்மடங்கானால் விசை ஒன்பது மடங்கு. மெல்லச் செல்லும்போது கோல் தளர்ந்து கிடக்கும். விரையும்போது இறுகி நிற்கும். வேகமானியைப் பாராமலே, தான் விரைகின்றானா தளர்கின்றானா என்பதை விமானி அறிந்தான். விமானம் மிகவும் வேகம் குறைந்து, இறக்கை தன் தூக்குவிசையை இழக்கும் நிலையை அணுகும்போது, குலைந்த காற்று வாலில் மோதும், கோல் நடுங்கும். அந்த நடுக்கம் உயிர் காக்கும் எச்சரிக்கை.

ஆனால் மணிக்கணக்காக ஒரு கோலை அழுத்திக்கொண்டே இருக்கக் கை தாங்குமா? அதற்காகத் தோன்றியது 'டிரிம்' என்னும் ஏற்பாடு. வால் தகட்டின் ஓரத்தில் மற்றொரு சிறு தகடு. அதைச் சற்றே திருப்பி வைத்தால், காற்றே பெரிய தகட்டை வேண்டிய இடத்தில் பிடித்துக்கொள்ளும். விமானியின் கைச்சுமை மறையும். கோல் தான் இருந்த இடத்திலேயே இருக்கிறது. சுமை மட்டும் இல்லை. இந்த நுட்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கோலைப் பொருத்தும்போது இது மீண்டும் வரும்.

பறக்கக் கற்பவனுக்கு இவற்றையெல்லாம் தரையிலிருந்தே பழக்க முடியுமா என்ற கேள்வி மிகப் பழையது. 1910-ஆம் ஆண்டை ஒட்டிப் பிரான்சில் ஒரு வேடிக்கையான சாதனம் இருந்தது. பீப்பாயை இரண்டாக அறுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலே மாணவனை உட்கார்த்திவிடுவர். ஆட்கள் நின்று அதைக் கையால் சாய்ப்பர்; மாணவன் சக்கரங்களைத் திருப்பிச் சமன் செய்ய வேண்டும். காற்றின் வேலையை ஆட்களே செய்தனர் என்க!

இத்துறையில் மறக்கலாகாத பெயர் எட்வின் லிங்க். அவர் தந்தை நியூயார்க் மாநிலத்துப் பிங்காம்டன் நகரில் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். 1920-இல் இளைஞரான லிங்க் 50 டாலர் கொடுத்து முதல் விமானப் பாடம் பெற்றார். விமானி அவரை வானில் குட்டிக்கரணம் அடிக்கவைத்து இறக்கிவிட்டார். கோலைத் தொடவும் விடவில்லை. கற்க வந்தவன் கோலைத் தொடாமல் எதைக் கற்பது? தொழிற்சாலையின் கீழ்த்தளத்தில், ஆர்கனுக்குரிய துருத்திகளையும் காற்று வால்வுகளையும் கொண்டு அவர் ஒரு சிறு விமானப் பெட்டியைச் செய்யத் தொடங்கினார். மாணவன் கோலை அசைத்தால் வால்வு திறக்கும். துருத்தி ஒருபுறம் உப்பும், மறுபுறம் சுருங்கும். பெட்டி சாயும், திரும்பும். 1929-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆனால் விமானப் பள்ளிகள் அதை வாங்க முன்வரவில்லை. பொழுதுபோக்குப் பூங்காக்களே வாங்கின. காசு போட்டு ஏறி விளையாடும் பொருளாக அது தன் வாழ்வைத் தொடங்கிற்று. விளையாட்டுப் பொருள் என்று பெரியவர்கள் ஒதுக்குவதிலிருந்து பெரிய காரியங்கள் பிறப்பதற்கு இது நல்ல சான்று.

நிலைமையை மாற்றியது ஒரு துயரம். 1934-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க அரசு தனியார் நிறுவனங்களோடு செய்திருந்த விமானத் தபால் ஒப்பந்தங்களை நீக்கி, அப்பணியைப் படையின் விமானப் பிரிவிடம் ஒப்படைத்தது. கடுங்குளிர்காலம். பனிமூட்டத்திலும் இருளிலும் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி அவ்விமானிகளுக்குப் போதவில்லை. சில மாதங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நாட்களில், வேறு எவரும் பறக்கத் துணியாத மூட்டத்தில், லிங்க் கருவிகளைக் கொண்டே தம் விமானத்தைச் செலுத்தி நியூவார்க் நகரில் வந்திறங்கினார். காத்திருந்த அதிகாரிகளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ஆறு பெட்டிகளைத் தலைக்கு 3,500 டாலர் விலையில் படை வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட விமானிகள் அந்த நீலப் பெட்டிகளில் பழகினர்.

லிங்கின் பெட்டி உடலைச் சாய்த்துக் காட்டியது. கருவி முட்களை ஆட்டிக் காட்டியது. ஆனால் வெளியே காற்றோட்டம் இல்லாத இடத்தில் காற்றின் எடை கைக்கு எங்கிருந்து வரும்? அக்குறை தரையில் இருந்த பெட்டிக்கு மட்டும் உரியதாயிருந்தது. விரைவில் அது மெய்யான விமானத்துக்கும் வந்து சேர்ந்தது.

வேகம் வளர வளர, கோல் மனித ஆற்றலுக்கு அடங்காததாயிற்று. போர்க்காலத்து விமானங்கள் செங்குத்தாகப் பாயும்போது, விமானி இரு கைகளாலும் இழுத்தும் கோல் அசையாமல் நின்ற நிகழ்ச்சிகள் உண்டு. ஆகவே எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பொறிகளைத் துணைக்கு அழைத்தனர். பின்னர்ப் பொறியே முழு வேலையையும் செய்தது. கை கட்டளை இடும். பொறி தகட்டைத் திருப்பும். இப்போது எழுந்தது புதிய இடர். காற்றின் அழுத்தம் பொறியோடு நின்றுவிட்டது, கைக்கு வரவில்லை. எந்த வேகத்திலும் கோல் இறகுபோல் அசைந்தது. பெருவேகத்தில் ஒரு விரல் அசைவே இறக்கையை முறித்துவிடக்கூடும் என்றால், அத்தகைய கோலை நம்பி யார் ஏறுவர்?

பொறியியலார் செய்த காரியம் வியப்புக்குரியது. இல்லாத எடையைப் பொய்யாகப் படைத்துக் கைக்குக் கொடுத்தனர். கொரியப் போரில் பறந்த எஃப்-86 சேபர் விமானத்தின் 'ஈ' வகையில், வால் தகடு முழுவதும் எண்ணெய் விசையால் இயங்கியது. கோலுக்கு வேண்டிய கனத்தைச் சுருள்வில்லும் ஒரு சிறு எடைக்குண்டும் தந்தன. விமானத்தைச் சட்டென்று வளைத்தால் அக்குண்டு கனத்துக் கோலை எதிர்த்து இழுக்கும். வேறு சில விமானங்களில், வெளியே ஓடும் காற்றின் அழுத்தத்தை ஒரு குழாயால் அளந்து, வேகத்துக்கேற்பக் கோலை இறுக்கினர். கோல் நடுங்கி எச்சரித்த பழைய இயல்பு போய்விட்டதால், அதனை நடுக்குவதற்கென்றே ஒரு மோட்டாரையும் பூட்டினர். பயணிகள் விமானங்கள் பலவற்றில் அது இன்றும் உண்டு.

கைக்கு ஒன்றும் தெரியாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு 1974-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லலாம். எஃப்-16 என்ற புதிய போர்விமானத்தை ஓடுபாதையில் விரைவாக ஓட்டிப் பார்க்கும் சோதனை மட்டுமே அன்று நடக்க இருந்தது. அதன் கோல் வலக்கைப் பக்கம் இருந்தது, சிறிதும் அசையாதது, கை எவ்வளவு அழுத்துகிறது என்பதை மட்டும் அளந்து மின்கம்பி வழியே அனுப்பியது. விமானம் இடமும் வலமும் ஆடத் தொடங்கிற்று. திருத்த முயன்றபோது ஆட்டம் மிகுந்தது. வால் தகடு தரையில் உரசியது. தரையில் நிற்பதைவிட வானமே பாதுகாப்பு என்று தேர்ந்த விமானி, மேலே எழுந்து ஆறு நிமிடம் பறந்து நலமாக இறங்கினார். அவ்விமானத்தின் முதற்பறப்பு இவ்வாறு திட்டமில்லாமல் நடந்தேறியது. கட்டுப்பாடு அளவுக்கு மீறிக் கூர்மையாக அமைந்திருந்ததே காரணம். அசையாக் கோலைப் பற்றி விமானிகள் தொடர்ந்து குறை கூறவே, பிற்காலத்தில் அதற்கு மிகச் சிறிய அசைவு கொடுக்கப்பட்டது. அளவால் அது அற்பம். கைக்கோ அதுவே பெரிய ஆறுதல்.

இனி, விமானத்தோடு தொடர்பில்லாத ஓர் இடத்துக்குச் செல்ல வேண்டும். ஏனெனில் வீட்டுக் கோலுக்கு மற்றொரு மூதாதை அங்கே இருக்கிறது. சிகாகோவை அடுத்த ஆர்கான் ஆய்வகத்தில், கதிரியக்கப் பொருள்களைத் தடித்த சுவருக்கு அப்பாலிருந்து கையாள வேண்டியிருந்தது. ரேமண்ட் கோர்ட்ஸ் என்பவர் 1940-களின் இறுதியில் இரட்டைக் கைகளை அமைத்தார். இப்பக்கம் மனிதன் பிடிக்கும் கை. அப்பக்கம் அதுபோலவே அசையும் பொறிக் கை. 1954-இல் மின்மோட்டார்களால் இயங்கும் கையையும் செய்தார். பொறிக் கை ஒரு குடுவையைத் தொட்டால், தொட்ட தடையை மோட்டார்கள் மனிதன் கைக்குத் திருப்பித் தந்தன. இல்லையேல் கண்ணாடியை நொறுக்கிவிட்ட பிறகே அவன் அறிவான். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் பிரெடரிக் புரூக்ஸ் 1967-இல் தொடங்கிய ஆராய்ச்சியில், இத்தகைய கை கணிப்பொறியோடு இணைக்கப்பட்டது. மூலக்கூறு ஒன்று மற்றொன்றோடு பொருந்துகிறதா, விலக்குகிறதா என்பதை ஆராய்ச்சியாளர் கையால் தொட்டு அறிந்தனர். உலகில் இல்லாத பொருளையும், கணக்கில் மட்டும் இருக்கும் பொருளையும் கைக்கு உணர்த்தலாம் என்பது அன்றே நிலைநாட்டப்பட்டது.

வீட்டுக் கணிப்பொறியில் விமானம் ஓட்டும் வழக்கம் இதற்குள் பரவிவிட்டது. புரூஸ் ஆர்ட்விக் எழுதிய செயல்நிரலை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1982-இல் வெளியிட்டது. காட்சி ஆண்டுதோறும் அழகு பெற்றது. கோல் மட்டும் ஒரு சுருள்வில்லோடு நின்றது. எந்த வேகத்திலும் ஒரே இறுக்கம்! 1993-இல் லூயிஸ் ரோசன்பர்க் இம்மர்ஷன் என்ற நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1996-இல் மைக்ரோசாஃப்ட், எக்சாஸ் என்ற சிறு நிறுவனத்தை வாங்கியது. 1997-இல் மைக்ரோசாஃப்டின் சைட்விண்டர் எதிர்விசைக் கோல் கடைக்கு வந்தது. இரண்டு மோட்டார்கள், ஒரு சிறு கணிப்பான், கைப்பிடியில் கை இருக்கிறதா என்று பார்க்கும் ஒளியுணரி ஆகியவை அதில் அடங்கியிருந்தன. கை எடுக்கப்பட்டால் மோட்டார்கள் ஓய்ந்துவிடும். அதே ஆண்டில் எதிர்விசைக் கட்டளைகளுக்கென ஒரு பொதுமுறையும் விண்டோஸில் வகுக்கப்பட்டது.

அதன் செழிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. காப்புரிமை வழக்குகள் எழுந்தன. 2002-இல் இம்மர்ஷன் தொடுத்த வழக்கை மைக்ரோசாஃப்ட் 2003-இல் 2 கோடியே 60 இலட்சம் டாலருக்குத் தீர்த்துக்கொண்டது. அதே ஆண்டில் சைட்விண்டர் வரிசையையும் நிறுத்திவிட்டது. நூல்களில் இதற்கு வழக்கையே முதற் காரணமாகச் சொல்வோர் உண்டு. விற்பனைக் குறைவும், மக்கள் விருப்பம் வெறும் அதிர்வு தரும் விளையாட்டுப் பிடிகளின் பக்கம் திரும்பியதும் வழக்குக்குக் குறைந்த காரணங்கள் அல்ல என்பது என் கருத்து. எனினும் பழைய கோல்களைப் பொக்கிஷம்போல் காத்தவர் பலர். 15 முனை கொண்ட பழைய செருகி புதிய கணிப்பொறிகளில் மறைந்தபோது, சிறு மின்சில்லுகளைக் கொண்டு தாமே இணைப்பான் செய்து அவற்றை உயிர்ப்பித்தனர். அண்மை ஆண்டுகளில் சிறு நிறுவனங்கள் பல வலிய மோட்டார்களோடு இக்கோலை மீண்டும் செய்து வருகின்றன.

இத்தகைய கோல் ஒன்று உங்கள் கல்லூரிக்கோ வீட்டுக்கோ வந்தால், அதைப் பொருத்தும் முறையில் மேற்சொன்ன வரலாறு முழுவதும் அடங்கியிருப்பதைக் காணலாம். முதலில் அடிப்பெட்டியை மேசையோடு இறுகப் பிணைக்க வேண்டும். மோட்டார் கையைத் தள்ளும்போது பெட்டி நகர்ந்தால், உணர்த்த வேண்டிய விசை மேசையில் வீணாகும். கணிப்பொறி தானாகவே கோலை நடுவுக்கு இழுக்கும் ஒரு செயற்கைச் சுருள்வில்லைப் பல வேளைகளில் இயக்கி வைத்திருக்கும். விமானச் செயல்நிரல் தன் விசையைத் தரும்போது, அதை நிறுத்திவிட வேண்டும். இரண்டு ஆசிரியர்கள் ஒரே மாணவனை எதிரெதிரே இழுத்தால் அவன் யாதைக் கற்பான்? அடுத்து, விசையின் திசையைப் பார்க்க வேண்டும். முன்பின் விசையும் பக்க விசையும் இடம் மாறியிருப்பதும், தலைகீழாய் இருப்பதும் உண்டு. தலைகீழானால் நடுவுக்கு வர வேண்டிய கோல் விளிம்புக்கு ஓடும். ஆதலின் விசையைக் குறைந்த அளவில் வைத்தே தொடங்கிச் சிறிது சிறிதாக உயர்த்துதல் நலம்.

எந்த விமானத்தில் பழகுவது என்பதும் முக்கியமே. கம்பியால் இயங்கும் செஸ்னா 172 போன்ற சிறு விமானத்தைத் தேர்ந்தால் கோல் பேசும். ஏர்பஸ் விமானத்தைத் தேர்ந்துவிட்டு ஒன்றும் தெரியவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. மெய்யான ஏர்பஸ் கோலிலும் சுருள்வில் ஒன்றே பேசுகிறது. செஸ்னாவை நேராகப் பறக்க விட்டு, வேகத்தைக் குறையுங்கள். மூக்கு தாழும், கோலைப் பின்னால் இழுத்துப் பிடிப்பீர்கள், கையில் சுமை ஏறும். இப்போது டிரிம் சக்கரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். கோல் நகராமல், சுமை மட்டும் கரைய வேண்டும். பிடியைத் தளர்த்தினாலும் கோல் அவ்விடத்திலேயே நிற்குமானால் பொருத்தம் சரி. சாதாரணச் சுருள்வில் கோலால் இதைச் செய்ய இயலாது. அது கை விட்டவுடன் நடுவுக்கே ஓடும். துப்பாக்கி அதிர்வு, சக்கர அதிர்வு போன்றவற்றை மிகுத்து வைத்துக்கொண்டு மகிழ்வோர் உண்டு. அவை இரைச்சல். அவற்றைத் தாழ்த்தி, வேகத்தால் வரும் கனத்தையும், தூக்குவிசை இழக்குமுன் எழும் நடுக்கத்தையும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்.

இஃது இளைஞர் விளையாட்டுத்தானே என்று கேட்போருக்கு 2009-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாளை நினைவூட்ட வேண்டும். ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் நோக்கிச் சென்ற ஏர் பிரான்ஸ் 447, அட்லாண்டிக் மாகடலில் வீழ்ந்தது. 228 பேரும் மாண்டனர். வேகம் அளக்கும் குழாய்களில் பனி அடைத்தது. தானியங்கிச் செலுத்தி விலகிக்கொண்டது. விமானத்தைச் செலுத்தியவர் கோலைப் பின்னால் இழுத்தார். விமானம் தூக்குவிசை இழந்தது. எச்சரிக்கைக் குரல் பலமுறை ஒலித்தது. அவ்விமானத்தில் இருவர் கோல்களும் ஒன்றோடொன்று இணைக்கப்படாதவை. ஒருவர் இழுப்பது மற்றவர் கைக்குத் தெரியாது. விபத்துக்கு இதுவே காரணம் என்று சொல்லுதல் நேர்மையன்று, காரணங்கள் பல. ஆயினும் அந்த இருளில், அருகிருந்தவர் கைக்கு ஒரு செய்தி வந்திருந்தால் என்ற கேள்வி பொறியியலாரை விட்டு நீங்கவில்லை.

1994-இல் பறந்த போயிங் 777, மின்கட்டளையால் இயங்கினும், இருவர் பிடிகளையும் இணைத்தே வைத்திருந்தது. தானியங்கி செலுத்தும்போதும் மோட்டார்கள் அப்பிடிகளை அசைத்துக் காட்டின. பக்கக் கோல்களுக்கு அந்த இயல்பு பிந்தியே வந்தது. 2015-இல் முதலில் பறந்து, 2018-இல் சான்று பெற்ற கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி500 விமானத்தில், கோல்களுக்குள் மோட்டார்கள் அமர்ந்திருக்கின்றன. இடப்புறம் இருப்பவர் இழுத்தால் வலப்புறக் கோலும் உடன் அசைகிறது. மற்றவர் தம் கையாலேயே அதை அறிகிறார்.